ஒரு பக்கத்துக்கு மிகாமல்

ஜனவரி 5, ஞாயிறு

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். வீட்டுக்கு வந்ததும் இவர் பீரோவைக் குடைந்து இந்த டைரியை எடுத்துக் கொடுத்தார். "சண்ட போடணும்னு தோணுச்சுன்னா இதுல போட்டுக்கோ. நான் அப்புறமா படிச்சிக்கிடுதேன்" என்றார். படிக்க மாட்டார். இவர் என்பது என் வீட்டுக்காரர் அருள்மணி, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கல்யாணப் பத்திரிகையைக்கூட மண்டபம் எங்கே என்பது வரைக்கும்தான் படிப்பார்.

கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதை எடுத்தார்கள், தைராய்டில் பாதியோடு சேர்த்து. அதற்குப் பிறகு குரல் வரவில்லை. நரம்பு வீங்கியிருக்கிறதாம். "வந்துரும். மூணு மாசம் ஆகலாம், சில பேருக்கு ஆறு மாசம் ஆகும்" என்றார் டாக்டர். 'சில பேருக்கு வராமலே போகுமா?' என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எடுத்த கட்டியை இங்கே சோதித்தவர்கள் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர சில வாரங்கள் ஆகும். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை.

இன்று அடுக்களை அலமாரி முழுவதையும் ஒழித்துக் கழுவினேன். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன். இவருக்குத் துவரம் பருப்புக்கும் கடலைப் பருப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

ஜனவரி 6, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். லீவு போடச் சொல்லி இவர் வாசல் வரைக்கும் வந்து சொன்னார். வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் பொன்ராஜ் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு, குரல் இல்லாத இங்கிலீஷ் டீச்சரை வைத்து என்ன செய்வது என்று ஐந்து நிமிஷம் பேனாவைத் திருகி யோசித்தார். "டீச்சர், பிளஸ் டூ சி செக்‌ஷன எடுத்துக்கிடுங்க. போர்ஷன் முடிஞ்சிட்டு. அடுத்த மாசம் எட்டாந் தேதி கண்டெய்னர் யார்டு கம்பெனி ஒண்ணு வேலைக்கு ஆள் எடுக்க வருது. இவனுவளுக்கு ஒரு பயோடேட்டா எழுதத் தெரியாது. அத மட்டும் சொல்லிக் குடுங்க. அதுக்கு அவ்வளவா பேச வேண்டியிருக்காதுலா?"

நல்ல வேலைதான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிற கம்பெனி. பிளஸ் டூ முடித்தவர்களை ஆபீசில் பயிற்சிக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே தபாலில் டிகிரி படிக்கவும் வைக்கிறார்கள். ரெஸ்யூம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். கவர் லெட்டர் தனியாக.

சி செக்‌ஷனுக்குள் நுழைந்து, பேசாமல் கரும்பலகை பக்கம் திரும்பினேன். "டீச்சர், மௌன விரதமா?" என்றான் சுடலைமணி. வகுப்பு சிரித்தது. வழக்கமாக என் ஒரு அதட்டலில் அடங்குகிற வகுப்பு. சாக்பீஸை எடுத்து எழுதினேன்: 'தொண்டையில் ஆபரேஷன். என்னால் பேச முடியாது. நான் எழுதுவேன். நீங்கள் பேசலாம், ஒவ்வொருவராக.'

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ அதை வாய்விட்டுப் படித்தார்கள். கணீரென்ற குரல். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோனது. திரும்பிப் பார்த்தால், ஜெசிந்தா. மூன்று வருஷமாக என் வகுப்பில் இருக்கிறாள். அவள் வாயிலிருந்து 'பிரசன்ட் டீச்சர்' தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை.

அதன் பிறகு நான் எழுத எழுத அவளே படித்தாள். நான் கேட்கவில்லை.

ஜனவரி 8, புதன்

எல்லோரையும் ஒரு பயோடேட்டா கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி ஒருவர் எல்லோருக்கும் ஒன்றையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் 'சவால் நிறைந்த சூழலில் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட' விரும்புகிறார்கள். எல்லோருக்கும் பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது. ஆரோக்கிய செல்வியின் கடிதத்தில் கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள, கே. ரமேஷ்' என்று இருக்கிறது. சுடலைமணிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

'உன் மனைவி நலமா?' என்று பலகையில் எழுதினேன். ஜெசிந்தா அதையும் அதே குரலில் படித்தாள். வகுப்பு உருண்டு புரண்டது. சுடலைமணி காது வரை சிவந்து, "அண்ணாச்சி மாத்த மறந்துட்டாரு டீச்சர்" என்றான்.

எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைக்கச் சொன்னேன். புதிதாக ஒன்று எழுத வேண்டும். முதலில் தமிழில். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தாய்? உன்னை நம்பி வீட்டிலோ வெளியிலோ யார் எந்த வேலையை விட்டிருக்கிறார்கள்? அதிலிருந்துதான் ரெஸ்யூம் வரும் என்று எழுதினேன்.

சாயங்காலம் இவருக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன், கையால் ஜாடை காட்டி. "நீயே வைக்கலாம்லா?" என்றார். 'சும்மாதான்' என்று எழுதினேன்.

ஜனவரி 10, வெள்ளி

சுடலைமணி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். அப்பாவின் பஞ்சர் கடையைச் சாயங்காலம் இவன்தான் பார்க்கிறானாம். ஆரோக்கிய செல்வி தன் தெருவிலுள்ள எட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். இத்தனை வருஷம் இவர்களுக்கு வினைச்சொல்லின் மூன்று காலங்களைச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, இதையெல்லாம் கேட்டதில்லை.

ஜெசிந்தா எழுதியது: 'எழுந்தேன். பல் தேய்த்தேன். பள்ளிக்கு வந்தேன். வீட்டுக்குப் போனேன்.' அனுபவம் என்ற இடத்தில், 'இல்லை.'

மகள் ஜாய்ஸுக்குக் கோயம்புத்தூரில் பரீட்சை. பொங்கல் லீவுக்கு வர மாட்டாளாம். 'ஏம்மா போன்ல பேச மாட்டேங்குற?' என்று கேட்டு அனுப்பியிருந்தாள். தொண்டைக்கட்டு என்று பதில் போட்டேன். ஆபரேஷன் விஷயமே அவளுக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளை.

ஜனவரி 16, வியாழன்

காலையில் இவர் மீன் வாங்க திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நாட்டுப் படகுகள் வந்து, மணலில் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டி ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து வந்த குரல் எனக்குப் பழக்கமான குரல். எட்டிப் பார்த்தேன். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி நீட்டி விலை கூறிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள். ஒருவர் தலையை அசைத்தாலும் புருவத்தைத் தூக்கினாலும் அவள் கண் பிடித்துவிடுகிறது. விலை ஏறிக்கொண்டே போகிறது. குரல் எங்கும் பிசிறவில்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். விலை தொண்டையில் நின்றது. அப்புறம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இவர் சீலா மீன் வாங்கினார். பேரம் பேச எனக்குக் குரல் இல்லாததால் சொன்ன விலைக்கே.

ஜனவரி 20, திங்கள்

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெசிந்தா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அன்னைக்குப் பாத்தத யார்ட்டயும் சொல்லிராதீங்க."

துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'எனக்குத்தான் பேச வராதே.'

படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்ததும் பாரம் இறங்கியவள் மாதிரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் தோன்றி எழுந்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அப்பாதான் டீச்சர் ஏலக்காரரு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்துட்டு. வலது கை, காலு, பேச்சு எல்லாம் போயிட்டு. நாங்க விட்டா ஏலத்த வேற ஆளு புடிச்சிருவான். அம்மாக்கு ஆம்பளைங்க நடுவுல நின்னு கத்த வெக்கம். அதான் என்னய அங்க நிக்க வச்சுச்சு. காலைல முடிச்சிட்டு, குளிச்சிட்டு, ரெண்டு தடவ சோப்பு போட்டுட்டு வருவேன். அப்படியும் பதினொண்ணாங் கிளாஸ்ல ஒருத்தி மூக்கப் பொத்துனா."

அப்பாவிடம் எப்படிப் பேசுவாய் என்று எழுதினேன்.

"அவரு ஸ்லேட்டுல இடது கையால எழுதுவாரு. நான் சத்தமா படிப்பேன். படிச்சாத்தான் சரின்னு தலையாட்டுவாரு. அதே பழக்கத்துல ஒங்க கிளாஸ்லயும் படிச்சிட்டேன். தப்பா டீச்சர்?"

தப்பில்லை என்று தலையாட்டினேன். பிறகு, 'இதை ரெஸ்யூமில் எழுதேன்' என்று நீட்டினேன்.

முகம் மாறிவிட்டது. "மாட்டேன் டீச்சர். ஏசி ரூம்ல இருக்கவங்க. மீன் நாத்தம்னு நெனைப்பாங்க. இந்த வேல கெடைச்சாத்தான் நான் கடற்கரைய விட்டு வெளிய வர முடியும். அங்க போயும் அதையே சொல்லணுமா?"

நான் வற்புறுத்தவில்லை.

ஜனவரி 23, வியாழன்

கவர் லெட்டர். 'ரெஸ்யூம் நீ யார் என்று சொல்லும். கவர் லெட்டர் அவர்களுக்கு நீ எதற்கு என்று சொல்லும்' என்று பலகையில் எழுதினேன்.

சுடலைமணியின் கடிதம்: 'மதிப்பிற்குரிய ஐயா, அக்காவுக்கு வரன் பார்க்கிறோம். எனக்கு இந்த வேலை ரொம்ப அவசியம். தயவு செய்து கொடுக்கவும்.' அடியில் எழுதினேன்: 'சரி, அவர்களுக்கு உன்னால் என்ன லாபம்?'

தாளோடு எழுந்து வந்தான். "நான் லேட்டா வரமாட்டேன் டீச்சர். சத்தியமா. கட தெறக்க ஒரு நாள்கூட லேட்டானதில்ல."

அதை எழுது என்று கையைக் காட்டினேன். ஆச்சரியத்தோடு பார்த்தான்.

ஜனவரி 27, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். இவர்தான் எடுத்தார். இன்னொரு சோதனை செய்ய வேண்டியிருக்கிறதாம், அதனால் தாமதம். அவ்வளவுதான்.

இவருடைய சட்டைகள் அத்தனையையும் இஸ்திரி போட்டு அடுக்கினேன். காஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது, ஜாய்ஸின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பையை எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுதி இவரிடம் காட்டினேன்.

இவர் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தார். "சலோமி, என்ன செய்யுத நீ? டப்பாலல்லாம் பேரு ஒட்டுத. ரசம் சொல்லித் தார. இப்ப பை. நான் என்ன கூமுட்டையா, எனக்கு ஒண்ணும் வெளங்கலன்னு நெனச்சியா?" என்றார். அப்புறம், "நீ எங்கயும் போவல. கேட்டியா?" என்றார். சட்டை கூடப் போடாமல் வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில்தான் துடைத்த வண்டி.

ஏதோ கோபம். கம்பத்தில் வேலை அதிகமாக இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டலாம் என்று என்னுடைய ரெஸ்யூமையே பலகையில் எழுத ஆரம்பித்தேன். பெயர், சலோமி. படிப்பு எழுதினேன். அனுபவம் எழுதினேன். திறன்கள் என்று தலைப்புப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன்.

"கத்துவாங்க" என்றான் சுடலைமணி பின்னாலிருந்து.

"தூங்குறவன கரெக்டா கண்டுபிடிப்பாங்க."

"கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

"எங்க அம்மாவுக்கு ஆதார் திருத்தத்துக்கு எழுதிக் குடுத்தாங்க."

"பேசாமலே கிளாஸ் எடுப்பாங்க" என்றாள் ஜெசிந்தா.

எல்லாவற்றையும் எழுதினேன். பலகையில் இடம் போதவில்லை. கண்ணில் சாக்பீஸ் தூள் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்டர்வியூ ஒத்திகை. பொன்ராஜ் சார் மேனேஜராக உட்கார்ந்தார். ஜெசிந்தா இங்கிலீஷில் பத்து வாக்கியம் மனப்பாடம் செய்து, ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தாள். பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு என்றாள். பொன்ராஜ் சார் "வெரி குட்" என்றார். எனக்கு ஏனோ மனசு நிறையவில்லை.

அனுபவம் என்ற இடத்தில் இன்னும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

தேர்வு ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் நடந்தது. பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். பள்ளி வேனில் நானும் போனேன். ஆரோக்கிய செல்வி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். சுடலைமணி வியர்த்து வழிய வந்தான். லேட்டாக வர மாட்டேன் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னானாம்.

நான் வேப்பமரத்தடியில் தண்ணீர் கேனோடு நின்றேன். ஜெசிந்தா உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். எங்கள் பக்கம் வராமல், நேராக கேட்டைப் பார்த்து நடந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள்.

கூப்பிட்டேன். வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து எக்கிக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில், சேலையோடு, அத்தனை பிள்ளைகள் பார்க்க. கேட்டுக்கு வெளியே அவள் கையை எட்டிப் பிடித்தேன்.

"மறந்துட்டு டீச்சர். 'மை நேம் இஸ் ஜெசிந்தா'க்கு அப்புறம் ஒண்ணுமே வரல. அந்த மேடம் தண்ணி குடின்னு சொன்னாங்க. குடிச்சேன். அப்பவும் வரல. சரி, நீ போலாம்னுட்டாங்க."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். என்ன எழுதுவது? திரும்பப் போ என்று எழுதலாம். ஏலத்தைச் சொல் என்று எழுதலாம். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படி எழுத மனசு வரவில்லை. 'போதும் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகலாம். நானும் வருகிறேன்' என்று எழுதினேன்.

வழக்கம்போல அதை வாய்விட்டுப் படித்தாள். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"வீட்டுக்குப் போனா அப்பா ஸ்லேட்ட எடுப்பாரு டீச்சர். என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னன்னு எழுதுவாரு. ஒண்ணும் சொல்லலன்னு எப்படிச் சொல்ல?"

முகத்தைத் துடைத்தாள். நோட்டை என் கையில் கொடுத்தாள். திரும்பி உள்ளே போனாள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மற்ற எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அப்புறம்தான் வந்தாள். நடை வேறு மாதிரி இருந்தது.

வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். வேன் முழுக்க அதைக் கேட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"கதவத் தட்டிட்டு உள்ள போனேன் டீச்சர். அவங்க வேற ஒருத்தன கேட்டுட்டு இருந்தாங்க. ஓரமா நின்னேன். அவன் போனதும், 'மேடம், நான் தமிழ்ல சொல்லட்டா? கேட்டுட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க'ன்னேன். அந்த மேடம் என் பேப்பர எடுத்து, 'இதுல அனுபவம் இல்லன்னு போட்டிருக்கியே, என்ன சொல்லப் போற?'ன்னாங்க. 'அது பொய் மேடம்'னேன்."

முன் சீட்டிலிருந்த சுடலைமணி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பா, ஏலம், எல்லாம். பக்கத்துல இருந்த சார் கேட்டாரு, 'ஒரே வெலைய ரெண்டு பேரு ஒரே நேரத்துல கேட்டா, யாருக்குக் குடுப்ப?'ன்னு. 'யாருக்கும் குடுக்க மாட்டேன் சார். அதே வெலையில இருந்து திரும்ப ஆரம்பிப்பேன். ஒருத்தருக்குக் குடுத்துட்டா இன்னொருத்தரு நாளைக்கு வர மாட்டாரு'ன்னேன். 'ஏசுனா என்ன செய்வ?'ன்னாரு. 'ஏசத்தான் செய்வாங்க சார். கேட்டுக்கிட்டே அடுத்த குவியலுக்குப் போயிருவேன்'னேன். மேடம் சிரிச்சிட்டாங்க. அவங்க யார்டு கேட்டுல லாரி டிரைவர்மாரு எல்லாம் நான் முந்தி நீ முந்தின்னு சண்ட போடுவாங்களாம். அந்த கவுன்டர்ல ஒரு வருஷத்துல மூணு பேரு வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்களாம்."

"எடுத்துட்டாங்களா?" என்றான் சுடலைமணி முன் சீட்டிலிருந்து.

"ஒரு வாரத்துல சொல்லுவாங்களாம்." ஜன்னலைத் திறந்துவிட்டு, "எடுக்காட்டியும் போவுது. சொல்லிட்டேன்" என்றாள்.

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆரோக்கிய செல்வி மட்டும், "நீ ஏலம் விட்டுக் காட்டுடி" என்றாள். வேன் பள்ளிக்கூடம் வந்து சேருவதற்குள், சுடலைமணியின் டிபன் பாக்ஸ் நல்ல விலைக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒரு இடத்திலிருந்தும் போன் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்றும் இல்லை. ஜாய்ஸின் பழைய சட்டைகளை மடித்து வைத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் வரச் சொன்னார்கள். இவர் வேலைக்குப் போகாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருமே ஊமையாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் உட்காரக்கூட விடவில்லை. "கேன்சர் இல்லம்மா" என்றார்.

அந்த வார்த்தையை இந்த டைரியில் இன்றுதான் எழுதுகிறேன்.

கட்டி சாதாரணக் கட்டி. மேற்கொண்டு ஒன்றும் தேவையில்லை. குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். அசையாமல் இருந்த குரல் நாண் லேசாக அசைய ஆரம்பித்திருக்கிறதாம். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அவள் 'ஆ' சொல்லச் சொன்னாள். கதவு கிறீச்சிடுவது போல ஏதோ வந்தது. "நல்லா இருக்கு" என்றாள் அவள், மனசறிந்து பொய் சொல்லி.

வண்டி ஸ்டாண்டில் இவர் சாவியைப் போடப் போனார். துளையில் போகவில்லை. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் வண்டி மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸ்டாண்டுக்காரர் பதறி, "என்ன சார், எதுவும் கெட்ட சேதியா?" என்று ஓடிவந்தார். இவர் தலையைத் தூக்காமலே, "நல்ல சேதி அண்ணாச்சி, நல்ல சேதி" என்றார்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. முதல் நாளிலிருந்தே.

சாயங்காலம் ஜாய்ஸுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் என்னைத் திட்டினாள். பதில் பேச முடியாதவளைத் திட்டுகிறோம் என்ற இரக்கமே இல்லை. சுகமாக இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. எங்கள் பள்ளியிலிருந்து ஆறு பேர். ஆரோக்கிய செல்வி இருக்கிறாள். ஜெசிந்தா இருக்கிறாள். பரீட்சை முடிந்து ஏப்ரலில் சேர வேண்டும்.

சுடலைமணி இல்லை. எதிரே வந்தவன் என்னைப் பார்த்து விலகிப் போனான். மதியம் அவனாகவே வந்தான். "டீச்சர், அந்த ரெஸ்யூம இன்னொரு காப்பி எடுத்துக்கிடட்டா? பைபாஸ்ல டயர் ஷோரூம் புதுசா தெறக்கான். குடுத்துப் பாக்கேன்" என்றான். நானே ஆபீசுக்குப் போய் எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

ஜெசிந்தாவின் அம்மா லூர்தம்மாள் பள்ளிக்கு வந்தாள். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் முகத்தில் இல்லை. "இவ போயிட்டா ஏலத்த யாரு டீச்சர் பாக்கது? எம் மச்சினன் இப்பவே வந்து நிக்கான், எனக்குத் தான்னு" என்றாள்.

ஜெசிந்தா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குத் திக்கென்றது.

பேச்சுப் பயிற்சிப் பெண் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை அனுமதித்திருக்கிறாள். அதில் இரண்டை எடுத்து லூர்தம்மாளுக்குக் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க."

கரகரவென்றுதான் வந்தது. லூர்தம்மாள் என்னையே பார்த்தாள். "நானா? எனக்கு எங்க டீச்சர் அதெல்லாம்..." என்றவள், நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். பிறகு என் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஏட்டி, வெல கூப்பிடும்போது கைய எப்படி நீட்டணும்?" என்று கேட்டாள். ஸ்டாஃப் ரூமிலேயே.

பிப்ரவரி 22, சனி

இன்று கடற்கரையில் லூர்தம்மாளின் முதல் ஏலம். பார்க்கப் போனோம். ஜெசிந்தாவின் அப்பாவையும் நாற்காலியோடு தூக்கிவந்து மணலில் உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் விலையைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜெசிந்தா முன்னே வரப் பார்த்தாள். அப்பா இடது கையை நீட்டி மறித்தார். லூர்தம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை உடையவில்லை. விலை ஏற ஏற, குரலும் ஏறியது.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா எங்களைப் பார்த்துக் கை அசைத்தாள். இவரும் சந்தோஷமாகக் கையைத் தூக்கி ஆட்டினார். லூர்தம்மாளின் விரல் சட்டென்று இவரைக் காட்டியது. "ஈபி சாருக்கு!"

குவியல் முழுவதும் சாளை மீன். கல்யாண வீட்டுக்குப் போதும்.

"யம்மா, நான் சும்மா கைய ஆட்டுனேன்" என்றார் இவர். "ஏலத்துல சும்மா எதுக்கு சார் கைய ஆட்டணும்?" என்றாள் லூர்தம்மாள், கறாராக. சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்தவர் சரி என்று தலையாட்டினார். இவர் பர்ஸைத் திறந்தார்.

வண்டியின் முன்னால் ஒரு கூடை, என் மடியில் ஒரு கூடை. சேலையெல்லாம் தண்ணீர். "தெருவுக்கே குடுத்தாலும் தீராதே, இத என்ன செய்யப் போற சலோமி?" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினார். வேகத்தடையில் வண்டி குதித்ததில் என் மடிக் கூடையிலிருந்து ஒரு மீன் எகிறி இவர் சட்டைக் காலருக்குள் விழுந்தது. இவர் போட்ட கூச்சலில் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மீனை எடுக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் வந்துச்சு" என்றார். "இன்னொருக்கா சிரி."